சரோஜம் அக்காவின் ரப்பர் பால்

திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வாங்கும் நிலையத்தில் எனக்கு வேலை. ஒவ்வொருவரின் பாலிலும் ரப்பர் எத்தனை சதவீதம் என்று காட்டும் பைத்தான் நிரலை எழுதியவனும் நான்தான்.

ஒரு காலையில் சரோஜம் அக்காவின் பாலுக்குத் திரையில் மிகக் குறைந்த எண் வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அக்கா, பால்ல தண்ணி சேத்தியளா?" என்றேன்.

"ஒரு சொட்டு சேக்கேல மக்கா. ஒண்ணுகூடி அளந்து பாரு."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றேன். மறுநாள் முதல் அவர் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வேறொருவருக்கும் அப்படியே வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. நிரல் ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்று பதிந்து வைக்கும் லாகிங் வரி ஒன்றுகூட அதுவரை நான் எழுதியிருக்கவில்லை. எழுதிப் பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகத் தொடங்கும்படி ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டிய, அளவை வைத்திருக்கும் வேரியபிளை வெளியே வைத்திருந்தேன். பாலை அளக்கும் மீட்டரிலிருந்து அளவு வராவிட்டால், முந்தைய ஆளின் அளவே அடுத்தவருக்கும் நின்றுவிடும். பதிவேட்டைப் புரட்டினேன். அன்று அக்காவுக்கும் அவருக்கு முன்னால் நின்றவருக்கும் ஒரே எண்; முன்னால் நின்றவரின் பால் எப்போதுமே நீர்த்து வருவதால் அதை நான் கவனிக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அண்ணைக்கு எல்லாரும் கேக்கத்தானே சொன்ன? இப்ப எனக்க காதுல மட்டும் வந்து சொல்லுதியே" என்றார்.

நிரலைத் திருத்தப் பத்து நிமிடம்தான் ஆனது. இதே தவறு இனி நடக்காதபடி விளக்கக் குறிப்பும் எழுதி வைத்துவிட்டேன். அன்று வரிசையில் நின்றவர்களைத்தான் ஒவ்வொருவராகத் தேடிப் போய், தவறு அக்காவுடையதல்ல, என்னுடையது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.