உள்ளங்கை எடை

கண்ணை மூடிக்கொண்டால்தான் கடைக்காரம்மாவின் கைக்கு எடை தெரியும். வந்தவர் நீட்டிய சார்ஜரை வலது உள்ளங்கையில் வாங்கினார், கண்ணை மூடினார், இரண்டு முறை மேலும் கீழும் அசைத்தார். "அறுபது கிராம்கூட இல்ல. அறுபத்தஞ்சு வாட்டுன்னு கூசாம போட்டிருக்கான் பாருங்க." வந்தவர் நம்பாமல் விழித்தார். கடைக்காரம்மா பக்கத்திலிருந்த மின் தராசில் வைத்துக் காட்டினார். ஐம்பத்தெட்டு. மனிதர் சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

லேப்டாப் பழுது பார்க்கும் கடை. இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் வந்தால் படியில் காத்திருக்க வேண்டும். கடைக்காரம்மாவுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. எது எதற்கு என்று கேட்டால் அவருக்கே சற்று யோசனைதான். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'கைத்தராசு'. அந்தப் பெயர் தன் காதுக்கு எட்டாதது போல நடித்தாலும் அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

ஒரிஜினல் சார்ஜர் விலையைக் கேட்டு மயக்கம் போட்டவர்கள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வருகிறார்கள். கடைத்தெருவில் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கிடைக்கும் டைப்-சி சார்ஜர்களை வாங்கலாமா, கூடாதா? அக்கா சொல்வதுதான் தீர்ப்பு. "மலிவுன்னா மட்டம்னு யாரு சொன்னா? டப்பாவுலயும் விளம்பரத்துலயும் மிச்சம் பிடிச்சான்னா அது மலிவு. உள்ள இருக்க வேண்டியதுல மிச்சம் பிடிச்சான்னா அது கொள்ளி."

அலமாரியில் இரண்டாக அறுத்த சார்ஜர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வைத்துப் பாடம் எடுப்பார். "இது சுவத்துக் கரன்ட்டு வர்ற பக்கம். இது லேப்டாப்புக்குப் போற பக்கம். நடுவுல இடைவெளி வேணும். மாமியார் மருமக மாதிரி. ஒரே வீடு, தனித்தனி அடுப்பு. ஒட்டி வச்சீங்க, அன்னிக்கே பத்திக்கும்."

அவரைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? சார்ஜரப் பத்தி எழுதுங்க தம்பி, நாலு பேரு பொழைப்பாங்க" என்றார். போன காரியம் இன்னொன்றும் உண்டு. நான்கு வாரத்துக்கு முன் அவரே கையில் எடை பார்த்து, "இத தைரியமா வாங்கலாம்" என்று எடுத்துக் கொடுத்த கறுப்புச் சார்ஜர் என் பையில் இருந்தது. அதைக் கொடுத்தேன். கண்ணை மூடினார். "நூத்தி நாப்பது. கச்சிதமா இருக்கு."

"எடை சரிதான் அக்கா. ஆட்டினா உள்ளே ஏதோ உருளுது."

காதருகே வைத்து ஆட்டினார். லொடக் என்றது. அவர் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். பிடிகருவியில் சார்ஜரை இறுக்கி, ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் பிளந்துகொண்டது.

உள்ளே பாதி காலி. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பலகை, அதில் நாலைந்து உருப்படிகள். மீதி இடத்தில் ஓர் இரும்புத் துண்டு. வெறும் இரும்பு. ஒரு கம்பிகூட அதைத் தொடவில்லை, அது செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒட்டியிருந்த பசை சூட்டில் இளகி, துண்டு நழுவி, சுவரிலிருந்து மின்சாரம் வரும் பக்கமாகப் போய்ச் சாய்ந்திருந்தது. இடையில் நகக்கண் அளவுதான் இடைவெளி. இதைத்தான் நான்கு வாரமாகத் தலையணை ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன்! ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

அக்கா இரும்பைப் பெயர்த்துத் தராசில் வைத்தார். எண்பத்திரண்டு. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்தார். ஐம்பத்தெட்டு. சற்று முன் ஒருவரை விரட்டியடித்த அதே ஐம்பத்தெட்டு.

நடந்ததை அவரே சொன்னார், என்னிடம் சொல்வது போலவும் இல்லை. முதல் முறை வந்த சரக்கில் ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறார், தங்கமாக இருந்தது. இரண்டாம் முறை வந்தது கையில் லேசாகத் தெரிந்தது. மொத்தத்தையும் திருப்பி அனுப்பி, மொத்த வியாபாரியை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். மூன்றாம் முறை எடை சரியாக வந்தது. 'சொன்னா கேக்குறானுங்க' என்று மனம் குளிர்ந்துபோய் அறுக்காமலே விற்றுவிட்டார். அதில் ஒன்றுதான் என்னுடையது.

மொத்த வியாபாரியைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"உள்ள இரும்புத் துண்டு வச்சிருக்கு. என்னய்யா இது?"

"நீங்கதானம்மா எடை பத்தலன்னு போன தடவ திருப்பி அனுப்புனீங்க? அப்படியே கம்பெனில சொன்னேன். எடை சேத்துக் குடுத்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, அக்கறையோடு கேட்டார். "ஏம்மா, இப்பவும் குறையுதா?"

அந்தக் குரலில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தைத்துக் கொடுத்த சட்டை இறுக்குகிறதா என்று தையல்காரர் கேட்பாரே, அப்படிக் கேட்டார். அக்கா போனை அணைத்தார். உடனே, "ஐயோ, அண்ணி!" என்று மறுபடி எடுத்து, ஸ்பீக்கரிலேயே கூப்பிட்டார்.

அண்ணி என்றது கணவரின் மூத்த சகோதரியை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, படுக்கையிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறவர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அக்கா வாங்கிக் கொடுத்த எதையும் நாத்தனார் நொட்டை சொல்லாமல் ஏற்றுக்கொண்டதில்லை. போன மாதம் கொடுத்த கறுப்புச் சார்ஜரை மட்டும்தான் 'உருப்படியான சாமான்' என்று வாயாரச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணி, அந்தச் சார்ஜர் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? முழங்காலுக்கு அடியிலதான்."

"முழங்காலுக்கு அடியிலயா?"

"இளஞ்சூடா இருக்குல்ல. துணியச் சுத்தி வச்சுக்கிட்டா வலிக்கு இதமா இருக்கு. அதுக்குத்தான நல்ல சாமான்னு சொன்னேன்."

அக்கா நிதானமாகச் சொன்னார். "அண்ணி, அத கையால தொடாதீங்க. கால மட்டும் மெதுவா நகத்துங்க. நகத்திட்டீங்களா? இப்போ சுவத்து சுவிட்ச அணைங்க."

"எட்டாதே. வீட்ல யாரும் இல்ல."

"ஊன்றுகோல் இருக்குல்ல, மரக்கோல், அதால அமுக்குங்க."

ஒரு தட்டல். இன்னொரு தட்டல். ஏதோ உருண்டு விழுந்தது. அக்கா மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. மூன்றாவது தட்டலில் சுவிட்ச் விழும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அணைச்சாச்சு. மருந்து பாட்டில்தான் உருண்டு போச்சு. இப்போ என்ன? ஒரே ஒரு தடவ நல்லா இருக்குன்னு சொன்னேன், அதுவும் உனக்குப் பொறுக்கலயா?"

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றினார். இரண்டுமே நனைந்திருந்தன. "திட்டுங்கண்ணி, நல்லாத் திட்டுங்க. சாயங்காலம் நேர்ல வர்றேன், மிச்சத்தையும் திட்டுங்க."

அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. அந்தச் சரக்கில் நாற்பது விற்றிருந்தது. அவருடைய போனில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, அவர்கள் லேப்டாப்புக்கு வந்த வியாதிதான் பெயர். 'டீ கொட்டினவர்', 'கீல் உடைஞ்ச டீச்சர்', 'ஸ்க்ரீன் கோடு'. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒரே வார்த்தையைச் சொன்னார். "சுவிட்ச அணச்சிட்டுக் கழட்டுங்க. நான் சொன்னது தப்பு." சிலர் ஏன் என்று கேட்டார்கள், ஒருவர் கத்தினார், ஒருவர் எடுக்கவே இல்லை. எடுக்காதவரை ஏழு முறை கூப்பிட்டார். 'தப்பு' என்ற சொல் முதல் இரண்டு பேரிடம் தொண்டையில் சிக்கியது, பிறகு பழகிவிட்டது.

முப்பத்து மூன்றாவது ஆளோடு பேசி முடித்தபோது படியில் ஒரு பெண் வந்து நின்றார். புதுச் சார்ஜர், உறைகூடப் பிரிக்கவில்லை. "அக்கா, இது தேறுமா? உங்க கையில ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க" என்று நீட்டினார்.

பழக்கத்தில் வலது கை எழுந்தது. இமைகளும் தாழத் தொடங்கின. கை பாதி வழியில் நின்றது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொண்டு, இடது கையால் ரம்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.