தார் போல் சுற்றிய காயில்

குருநாதன் பரமக்குடியிலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். லீவு கிடைத்தால் சாலிடரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்த வருஷம் அவரைப் பிடித்த கிறுக்கு, பேட்டரியை வைத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்பொறியை ஏறவைப்பது. பன்னிரண்டு வோல்ட்டை ஆயிரக்கணக்கில் உயர்த்தும் டிரான்ஸ்பார்மருக்குக் கணக்கெல்லாம் போட்டுவிட்டார். தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றத்தான் கை வரவில்லை.

அவர் மனைவி ஈஸ்வரி தறிக்குத் தார் சுற்றுகிறவள்; ஊடைநூலைச் சின்னக் குழல்களில் ஏற்றித் தருவாள். "கொண்டாங்க. நூலு சுத்துற கைக்குக் கம்பி எம்மாத்திரம்?" என்று, கல்யாணமாகி முதல்முறையாக அவர் மேசைப் பக்கம் வந்தாள்.

டூட்டி முடிந்து வந்தவர், அவள் சுற்றிவைத்திருந்த காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தாரில், நூல் சிக்காமல் உருவி வர, மேலும் கீழுமாகக் குறுக்கே ஓட்டிச் சுற்றுவார்கள். அப்படியே சுற்றியிருந்தாள். இதையோ அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றி, அடுக்குக்கு நடுவே மின்சாரம் தாண்டாத மைலார் தாள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக் கிடந்து, மின்சாரம் உள்ளேயே தாவும். தாளைப் பற்றி அவர் சொல்லியே இருக்கவில்லை.

"நல்லாருக்கா?"

"அம்சமா இருக்கு புள்ள."

தப்பைச் சொன்னால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள். ஒரு நொடி ஓடவிட்டு, கம்பி மட்டம் என்று பழியைப் போட்டுவிடலாம். அவர் பேட்டரி வயரை மாட்டினார்.

பொறி ஏறவில்லை. காயிலுக்குள் டிக், டிக் என்று ஏதோ கொத்தியது. கம்பிமேல் பூசிய எனாமல் தீயும் வாடை வந்தது. தார் தளர்ந்தால் விரலால் அமுக்கிப் பார்ப்பது ஈஸ்வரியின் பழக்கம். கை நீண்டது.

"தொடாத!"

வயரைப் பிடுங்கி எறிந்தார். அவள் விரல் காயிலுக்கு மேலேயே நின்றது.

"தப்பாச் சுத்திருக்கு புள்ள. தாள் வைக்கணும், நாந்தான் சொல்லல."

"எப்பத் தெரியும்?"

"பாத்ததுமே."

"தெரிஞ்சுக்கிட்டா மாட்டுனீக?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "எம் மூஞ்சி வாடிருமுன்னு பாத்தீக. கை கருகியிருந்தா?"



ஈஸ்வரி கருகிய காயிலை ஓரமாகத் தள்ளினாள். தான் தார் சுற்றும் ராட்டையை அவர் முன்னால் நகர்த்தினாள். பேட்டரியை எடுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

"சுத்துறது நீங்க. வயர மாட்டுறது நானு. அடுக்குக்கு அடுக்கு தாள் வச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் மாட்டுவேன்."

குருநாதன் கம்பி நுனியை எடுத்தார். முதல் சுற்றே வழுக்கியது.

"இழுக்காதீக. அந்துரும்" என்றாள், பேட்டரி மேல் வைத்த கையை எடுக்காமல்.