தறிக்கார அக்காவும் மண்டபத்துக் கழிப்பறையும்

அந்த அக்காவை நான் மூன்று முறை திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே காரணத்துக்காக.

சோமனூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வீடு கோயமுத்தூர் கணபதியில். காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், சேலையைச் சரிசெய்துகொண்டு உட்காரும்போதே வரிசை நின்றுகொண்டிருக்கும். அந்த வரிசையில் மாதம் தவறாமல் வருவார் அந்த அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கும். விசைத்தறி ஓட்டுகிறவர். தலைமுடியில் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது நரை என்றே நினைத்துவிட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கப் போகிறார், காலனியில் சொந்த வீடு இருக்கிறது என்பதெல்லாம் ஊசி போடும் அரை நிமிஷங்களில் எனக்குத் தெரிந்தவை.

அவருக்கு நீர்க்கடுப்பு. மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்தில் சரியாகும். அடுத்த மாதம் மறுபடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

"அக்கா, தண்ணி குடிக்கச் சொன்னனே, குடிச்சீங்களா?"

"குடிச்சனுங்க" என்று சிரிப்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். யூரின் டெஸ்டுக்கு அவர் கொண்டுவரும் டப்பாவில் இருப்பது டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும்.

மூன்றாவது முறை திட்டியபோது எனக்குக் கோபம் எல்லை மீறிவிட்டது. "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கோணும்னு எத்தனை தடவைங்கக்கா சொல்றது? மாத்திரை கொடுக்கறது எங்க வேலை. தண்ணி குடிக்கறதாவது நீங்க செய்ய வேண்டாமா?" என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்: "குடிச்சா எங்கீங்க நர்சம்மா போறது?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் முகம் சூடாகிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பாட்டி, "அம்மணி, சீட்டு பதியறியா இல்லையா?" என்று கேட்கும்வரை பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். அந்த நிலையத்தில் எங்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை இருக்கிறது. அதன் சாவி என் மேஜை டிராயரில்தான் கிடக்கும். பன்னிரண்டு வருஷ சர்வீசில், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று ஒரு நோயாளியிடம்கூட நான் கேட்டதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் வேலை செய்யும் தறிக் குடோனுக்குப் போனேன். ஒரு சந்து. அதில் ஐந்து குடோன்கள். அத்தனை தறியும் சேர்ந்து அடிக்கும் சத்தத்தில் நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது போல இருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், நான்கு தறிகளையும் பக்கத்துத் தறிப் பெண்ணிடம் கைகாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"இந்தத் தூசிக்குள்ள நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

"எங்க போறதுன்னு கேட்டீங்கல்ல. பாக்கலாம்னு வந்தேன்."

குடோனுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். வெட்டவெளி. அங்கங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். "முன்னெல்லாம் இது சோளக்காடுங்க. தட்டு ஆளுயரத்துக்கு நிக்கும். ரெண்டு பேரு சேந்து போயிட்டு வந்துருவோம். இப்ப சைட்டுப் போட்டுட்டாங்க. ஆம்பளைக எப்படியோ போயிக்கறாங்க. நாங்க காத்தால ஊட்டுல போறதோட செரி. அப்பறம் பொழுதோட ஊட்டுக்குப் போயித்தான்."

"காலைல எட்டு மணியிலிருந்து ராத்திரி வரைக்குமா?"

"அதுக்குத்தானுங்க தண்ணி குடிக்கறதில்லை." ஏதோ கெட்டிக்காரத்தனமான உபாயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

அந்தச் சந்தில் இப்படி இருபது பெண்களுக்கு மேல் இருந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தியும் இருந்தாள்.

குடோன்காரர் நல்ல மனுஷர். ஆள் வராத நாளில் அவரும் அவர் மனைவியுமே தறி ஓட்டுவார்கள். நான் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "கட்டோணும்னுதாங்க எனக்கும் ஆசை. எடம் வாடகைங்க. குழி தோண்டக் கூடாதுன்னு எடத்துக்காரரு கறாராச் சொல்லிப்போட்டாரு. எங்கூட்டுக்காரிக்கு ஊடு பக்கம், ஓடிப் போயிட்டு வந்துருவா. இவங்களுக்கு..."

எங்கள் டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயசுப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "சிஸ்டர், அப்ப இத்தனை நாளா நான் எதுக்கு மருந்து எழுதிட்டு இருந்தேன்?"

ஊராட்சியில் மனு கொடுத்தோம். தலைவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் ஊராட்சிக்கு நிலம் கிடையாது. பார்க்கிறேன் என்றார்.

நிலம் இல்லையே தவிர, கழிப்பறை இருந்தது. சந்தின் ஒரு பக்கம் முழுக்க நீளமாகப் போகிற மதில் சுவர், ஒரு கல்யாண மண்டபத்தினுடையது. அதன் பின்கட்டில் வரிசையாக ஆறு கழிப்பறைகள், டைல்ஸ் ஒட்டி, தண்ணீர்த் தொட்டியோடு. முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். ஊரில் நிலபுலம் உள்ள குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற அறக்கட்டளை அது. மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது.

"ஒறம்பரை, சொந்தபந்தம்னு வந்து போற எடமுங்க இது. தறிக்காரங்க தெனமும் வந்து போனா, நாளைக்கு யாரு கல்யாணத்துக்கு எடுப்பாங்க? அதுவும் எல்லாரும் ஒரே மாதிரி ஆளுகளா?"

கடைசிக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்படிக் குடித்ததற்காக என்மேலேயே எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, குடோன்காரர் தன் ஆம்னி வேனில் அக்காவைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். தறியடியிலேயே குளிர்க் காய்ச்சல் வந்து விழுந்துவிட்டாராம். பல் கிட்டிக்கொண்டிருந்தது. விலாவுக்குக் கீழே டாக்டர் கைவைத்ததும் அக்கா அலறிவிட்டார். நோய் கிட்னி வரைக்கும் ஏறியிருந்தது. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

நான்காம் நாள் வேலை முடிந்து பார்க்கப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. தலையில் பஞ்சு இல்லாமல் முடி கன்னங்கரேல் என்று இருந்தது. படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க நர்சம்மா. எதுக்குங்க இவ்வளவு தூரம்? கண்ணு, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க." நோயாளியும் நர்சும் இடம் மாறிய மாதிரி, என்னைத்தான் அவர் கவனித்தார். பிறகு குனிந்து, பெருமையான ஒரு ரகசியம் போலச் சொன்னார்: "இங்க பாத்ரூமு பத்தடியில இருக்குதுங்க. நெம்ப நாளைக்கப்பறம் வவுறு முட்டத் தண்ணி குடிக்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் ஒரு தடவை தாண்டிப் போய்விட்டு, அப்புறமாக வந்து கேட்டார்.

மருத்துவ முகாமை அந்த மண்டபத்திலேயே நடத்தலாம் என்பது டாக்டரின் யோசனை. தறிப் பெண்களுக்கான ஒரு நாள் முகாம். மண்டபத்துக்கு நல்ல பேர் என்று மேனேஜர் சந்தோஷமாகச் சம்மதித்தார். அறக்கட்டளைத் தலைவரின் மனைவியே வந்து குத்துவிளக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. ஐந்து குடோன்களிலும் அரை நாள் தறியை நிறுத்தினார்கள். அந்தச் சந்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மைனா கத்துவது கேட்டது.

யூரின் டெஸ்ட் உண்டு என்பதால் பின்கட்டுக் கழிப்பறைகளைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது. டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இருவரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

தலைவரம்மா விளக்கேற்றிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், பருத்திச் சேலை, முழங்காலில் வலி. ஏதோ தோன்றியவர் போல எழுந்து மெல்லப் பின்கட்டுப் பக்கம் வந்தார். அங்கே ஒரு வரிசை, வளைந்து சமையல்கட்டு வரைக்கும் நின்றது.

"ஏனம்மணி, இத்தனை கூட்டமும் டாக்டர்கிட்டயா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்கம்மா. டாக்டர்கிட்ட பத்துப் பேருதான். இது பாத்ரூமுக்குங்க. டெஸ்ட் முடிஞ்சவங்களும் மறுபடி நிக்கறாங்க."

"ஏன், வவுத்துக்கு ஆகலையா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத அக்கா வரிசையில் நின்றிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "வவுத்துக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. இன்னிக்குத் தொறந்திருக்குது. நாளைக்குப் பூட்டிருவாங்க." பிறகு, சோளக்காடு போனதிலிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

தலைவரம்மா அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பழனிக்குப் பஸ்ஸுல போனா, முந்தின நாள் பொழுதோட இருந்தே நான் தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு நாளைக்கே உசுரு போயிரும். நீங்க தெனமுமா..." என்று சொல்லிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து தண்ணீர், பராமரிப்பு என்று இழுத்தார். பிறகு அக்காவைக் காட்டி ஒரு யோசனை சொன்னார். "செரிங்கம்மா, தொறந்து உடலாம். கழுவற வேலைய இந்த அம்மாவே பாத்துக்கட்டும். அவங்களுக்குப் பழக்கமிருக்கும்."

அக்கா காலனிக்காரர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா பேசினார். குரல் உயரவே இல்லை.

"நான் இருபது வருசமாத் தறி ஓட்டறவளுங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை அது. கழுவோணும்னா போறவங்க எல்லாரும் மொறை வெச்சுக் கழுவறோம், என்னையும் சேத்துத்தான். எனக்கு மட்டும்னா சாவி வேண்டாமுங்க."

தலைவரம்மா மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மாவுக்கும் அந்தப் பேச்சு புதிதாக இருந்திருக்காது. அவர் வீட்டிலேயே கேட்ட பேச்சாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "அந்தப் புள்ள சொல்றது செரிதானே. மொறை வெச்சுக்கட்டும். சாவி அவகிட்டயே இருக்கட்டும்."

அப்படியே எல்லாம் இனிதாக முடிந்துவிடவில்லை. முறை போட்ட முதல் வாரமே இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடோன்காரரின் மனைவி தன் முறைக்கு விளக்குமாறோடு வந்து நின்ற பிறகுதான் அவர்களும் வந்தார்கள். முன்வாசல் வழியாகச் சுற்றிப் போக நேரமாகிறது என்று குடோன்காரர்கள் ஐந்து பேரும் சேர்ந்து கொத்தனாரை வைத்து மதிலில் ஒரு கதவு போட்டார்கள். ஊராட்சி ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தது. மேனேஜர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சுருக்கமாகத்தான் பேசுவார்.

அக்காவுக்கு அதன்பிறகு இதுவரை நீர்க்கடுப்பு வரவில்லை. கர்ப்பிணியாக இருந்தவளுக்குப் பெண் குழந்தை, நல்ல எடை. வருகிற பெண்களிடமெல்லாம் நான் இப்போது பிரஷர் பார்ப்பதற்கு முன்னால், எங்கே வேலை, அங்கே கழிப்பறை உண்டா என்று கேட்டுச் சீட்டின் ஓரத்தில் எழுதுகிறேன். அப்படி ஒரு கட்டம் எங்கள் சீட்டில் அச்சடித்திருக்கவில்லை, ஓரத்தில்தான் இடம்.

தை மாதம் முதல் முகூர்த்தத்தன்று என்ன செய்வது என்று எல்லோருக்கும் தயக்கம். உள்ளே கல்யாணம் நடக்கிறது. கடைசியில் அக்காதான் மதில் கதவைத் திறந்துகொண்டு நான்கு பேரோடு போயிருக்கிறார். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெரியம்மா வழிமறித்து, "நீங்க பொண்ணு ஊட்டுக்காரங்களா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களா?" என்று கேட்டாராம்.

"தறி ஊட்டுக்காரங்கங்க" என்றாராம் அக்கா.

அந்தப் பெரியம்மா சிரித்த சிரிப்பில் சமையல்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். பஞ்சு ஒட்டிய தலையோடு ஐந்து பேரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டாராம் அந்தம்மா. அன்று மத்தியானம் ஒரு மணி நேரம் இருபது தறி சும்மா நின்றதாகக் குடோன்காரர் என்னிடம் புகார் சொன்னார், சிரித்துக்கொண்டேதான்.