வரிசையை மீறிய புலெங்

சோவெட்டோவின் ஓர்லாண்டோ பக்கம் புலெங் மொதாவுங்கின் டாக்சி வருவதை ஹார்ன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வளவு நேரம் அழுத்துவாள். விடியும் முன்பே தெருமுனையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் பெண்கள் சுட்டுவிரலை வானத்தை நோக்கித் தூக்குவார்கள். ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குப் போகவேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். விரல் கீழே பார்த்தால் பக்கத்தில் எங்கோ போகிறவர்கள். அவர்களுக்கு அவள் நிற்கமாட்டாள். வெள்ளை வேனுக்குள் ஆட்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்ததும், தங்கச் சுரங்கத்து மஞ்சள் மண்மேடுகளைத் தாண்டி, பூய்சன்ஸ் வழியாக நகரத்துக்குள் நுழைவாள்.

"அக்கா, சிக்னல் தாண்டி நிறுத்துங்க" என்று பின்னாலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"தாண்டின்னா எவ்வளவு தாண்டி? போன வாரம் இப்படிச் சொன்ன ஒருத்தரை ஹில்பிரோவில கொண்டுபோய் விட்டேன். இன்னும் திட்டிக்கிட்டிருக்காரு."

வண்டியே சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள்.

வண்டிக்கு வருவதற்கு முன்னால் அவள் சமையல்காரி. நகர நடுவில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் டாக்சி நிலையத்தில் மா டோரிஸ் என்கிற பெரியம்மாவின் அடுப்பங்கடையில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர்கள் மத்தியானம் வந்து, களியோடு குடல் கறியை வைத்து நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவள் புருஷன் ரஸ்டன்பர்க் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை ஏற்படுத்திக்கொண்டான். அவள் தேடிப் போகவில்லை. அவன் மிச்சம் வைத்துவிட்டுப் போன சட்டைகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்காகப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சிதோலே என்பவருடைய வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் மட்டும் பீர் குடித்துவிட்டு நடைபாதையில் படுத்துக் கிடந்தான். சிதோலே அவனைக் காலால் உசுப்பிப் பார்த்தார். அவன் கும்பிடுவதுபோல் கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

புலெங் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "சாவியைக் குடுங்க பாபா."

"எதுக்கு?"

"ஓட்டறதுக்கு. வேற எதுக்குச் சாவி?"

"நீ களி கிண்டறவம்மா."

"களி கிண்டறதுக்கு இதைவிட பலம் வேணும்" என்று சொல்லி, மேலங்கிக்குள்ளிருந்து உரிமத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். "யாரோ ஓட்டட்டுமே, கிளம்புங்கப்பா" என்றார்கள். சிதோலே சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தவள்தான். ஆண் ஓட்டுநர்கள் கொஞ்ச நாள் அவள் வண்டியைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சி, "எங்கேயோ அடிப்பிடிக்குதுடா" என்பார்கள். "உங்க கியர் பெட்டிதான்" என்பாள் அவள். நாளாக நாளாகக் கேலி சலித்துப் போயிற்று. நிலையத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தி நம்பர் கூப்பிடும் தூலானி மட்டும் விடவில்லை. பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒரு தடியோடு திரிகிறவன். அவள் நம்பரை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவான். அவள் ஹார்னை அழுத்திக்கொண்டே இருப்பாள், அவன் திரும்பிக் கூப்பிடும் வரைக்கும்.

அந்தச் சம்பவம் நடந்தது மார்ச் மாதத்தில், வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில். பிராம்ஃபொன்டைனில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் ரெஃபில்வே என்கிற பெண் நிலையத்துக்குள் வந்தாள். அங்கே மார்ச்சிலும் வெயில் காலம் முடிந்திருக்காது. முழங்காலுக்கு மேலே நிற்கும் ஜீன்ஸ் பாவாடை போட்டிருந்தாள். முதலில் விசில் சத்தம். பிறகு யாரோ கை தட்டினார்கள். தூலானி தடியை நீட்டி அவள் வழியை மறித்து, "இது டாக்சி நிலையமா, கடற்கரையா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே நெருங்கினார்கள். ஒருவன் அவள் பையைப் பிடித்து இழுத்தான். தூலானி தடியின் நுனியால் பாவாடையின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தான். அந்தப் பெண் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

புலெங்கின் வண்டி வரிசையில் நடுவில் நின்றது. பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. அவள் முன்கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். இறங்கிப் போனால் தானும் அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொள்வாள் என்று தெரிந்தது. வண்டியைக் கிளப்பினாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வரிசையை விட்டு வெளியே வந்து, ஹார்னில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல், நேராக அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஊர்ந்தாள். ஆட்கள் விலகினார்கள். விலகாதவர்கள் பம்பர் காலில் பட்டதும் விலகினார்கள்.

"கதவைத் திறங்கம்மா" என்று பின்னால் பார்த்துக் கத்தினாள். கதவோரம் உட்கார்ந்திருந்த தேவாலயத்துச் சீருடைக்கார அம்மா கதவை இழுத்துத் திறந்து, ரெஃபில்வேயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

தூலானி பானட்டில் தடியால் அடித்தான். "வரிசையைத் தாண்டி எங்கடி போற? உன் வண்டி ரொம்பல."

"என் நம்பரை நானே கூப்பிட்டுக்கிட்டேன். தள்ளு."

அவன் தள்ளவில்லை. அவள் கிளட்சை விட்டாள். அவன் ஒரு பக்கமாகக் குதித்தான்.

வண்டி பாலத்தைக் கடந்து நெடுஞ்சாலைக்கு வந்தது. தேவாலயத்து அம்மா தன் சால்வையை எடுத்து ரெஃபில்வேயின் மடியில் முழங்கால் மறையும்படி போர்த்தினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு மடித்து, அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குக் குளிரலம்மா" என்றாள்.

புலெங் கண்ணாடியில் இதைப் பார்த்தாள். அந்தப் பெண் உடைந்துபோய்விடுவாளோ என்று அவளுக்கு இருந்த பயம் அப்போது போயிற்று. எல்லோரையும் இறக்கிவிட்டபின், டீப்க்ளூஃபில் ரெஃபில்வேயின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"போலீசுல எழுதிக் குடுக்கறியா?"

"குடுத்தா யாரு அக்கா சாட்சி சொல்லுவாங்க? அத்தனை பேரும் அவன் ஆளுங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதா?"

இருவரும் அப்போதே போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

நிலையத்தையும் பாதைகளையும் கையில் வைத்திருந்த டாக்சிக்காரர் சங்கம் இரண்டு நாளில் அவளைக் கூப்பிட்டது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை. தலைவர் மசேகோ பெரிய உடம்புக்காரர், மெதுவாகப் பேசுவார். அவர் மெதுவாகப் பேசினால் எல்லோரும் பயப்படுவார்கள். வண்டி முதலாளி சிதோலே ஓர் ஓரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி ரொம்பாம நிலையத்தை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் மசேகோ.

"தெரியும் பாபா. அந்தப் பொண்ணு ஏறினதும் எனக்கு ரொம்பிடுச்சு."

"நாக்கை அடக்கு. உனக்கு முன்னால நின்னவங்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா? வரிசையை மீறினதுக்கு மன்னிப்பு கேட்கணும். அப்புறம், போலீசுல எதையோ சொல்லி வெச்சிருக்கியாமே, அதைத் திருப்பி வாங்கிக்கணும். நம்ம வீட்டுச் சண்டையை நாமளே தீர்த்துக்குவோம்."

"வரிசையை மீறினேன். அதுக்கு என்ன தண்டனையோ போடுங்க, வாங்கிக்கறேன். போலீசுல சொன்னதைத் திருப்பி வாங்கமாட்டேன். நான் பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?"

"அப்படின்னா இந்த நிலையத்துல உன் வண்டி ஆள் ஏத்தாது."

"சரி பாபா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

படியில் சிதோலே மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஒரு வார்த்தைம்மா. வாயை மட்டும் அசைச்சிருந்தா போதும்."

"சாவி வேணுமா பாபா?"

அவர் அவள் நீட்டிய சாவியைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். "நான் சாவியைக் கேட்டேனா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

நிலையம் இல்லையென்றாலும் நகரம் இருந்தது. சங்கத்தின் வழக்கமான பாதையில் ஆள் ஏற்றினால் துப்பாக்கி வரைக்கும் போகும் என்பதால், அவள் வாடகை சவாரிகளை எடுத்தாள். அலெக்சாண்ட்ராவிலிருந்து சாவுக்குப் போகிறவர்களை அவலோன் கல்லறைக்குக் கொண்டுபோனாள். இந்தியர்கள் வாழும் லெனேசியாவில் கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றினாள். அவர்கள் கொடுத்த ஆட்டுக்கறி பிரியாணியைக் காரம் தாங்காமல் கண்ணீரோடு சாப்பிட்டு முடித்தாள். யியோவில் என்ற பகுதியின் சந்தையிலிருந்து வாழைக்காய்க் குலைகளோடு காங்கோ நாட்டுப் பெண்களைக் கூட்டிப்போனாள். சான்ட்டனில் வீட்டு வேலை செய்யும் பெண்களை ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்கு அழைத்துப் போகையில், உயர்ந்த மதில்களையும் மின்வேலிகளையும் பார்த்துக்கொண்டே, "உள்ளே இருக்கறவங்க வெளிய வர்றதுக்கு யாருகிட்ட கேப்பாங்க?" என்றாள்.

ஒரு காலை எழுந்து பார்த்தால் வண்டியின் டயர்கள் கிழிந்து கிடந்தன. பழைய டயர் வாங்கிப் போட்டாள். இன்னொரு நாள் தொலைபேசியில் யாரோ, "வண்டிக்குத் தீ வெச்சிடுவோம்" என்றான்.

"வண்டி பாபா சிதோலேவோடது. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெச்சிடு."

போனை வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

இதெல்லாம் மா டோரிஸின் காதுக்குப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஓட்டுநர்கள் பசியோடு வந்தபோது அடுப்புகள் அணைந்திருந்தன. பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் கடை மட்டுமில்லை. அந்த வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு தலைகீழாகப் போட்ட பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மா, களி எங்கே?"

"மாவு இருக்கு, தண்ணி இருக்கு. கிண்டறவளைத்தான் நீங்க வெளிய அனுப்பிட்டீங்க."

"அவ இப்ப டிரைவராச்சே மா."

"அதையும் அனுப்பிட்டீங்களே."

முதல் நாள் சிரித்தார்கள். ரொட்டியும் பொரித்த உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றார்கள். இரண்டாம் நாள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். "தூலானி செஞ்ச வேலைக்கு என் வயிறு எதுக்குடா காயணும்?" என்று ஒருவன் வெளிப்படையாகவே கேட்டான். பாதிப் பேருக்கு அன்றைக்கு நடந்தது பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சும்மா நின்று பார்த்ததைப் பற்றி அவர்களில் யாரும் பேசவில்லை.

வார நடுவில் மசேகோவே இறங்கி வந்தார்.

"டோரிஸ், சோத்துக்காகச் சங்கம் யார் முன்னாலயும் மண்டி போடாது."

"யாரு உன்னை மண்டி போடச் சொன்னது? நின்னுக்கிட்டே அவ நம்பரைக் கூப்பிடு. அது போதும்."

சங்கம் மறுபடியும் கூடியது. வரிசையை மீறியதற்காக, குளிர்காலம் முடியும்வரை புலெங்கின் வண்டி எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்று முடிவாயிற்று. அவள் ஒப்புக்கொண்டாள். போலீஸ் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. தூலானியைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் துப்புவான். அவள் வைப்பரைப் போட்டுக் கண்ணாடியைத் துடைப்பாள்.

நீதிமன்றத்தில் தூலானியின் வக்கீல் அவளைக் கேட்டார்: "அவ்வளவு கூட்டத்துல யாரு கை எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தடி வெச்சிருந்தது ஒரு கைதாங்கய்யா. அது தினமும் என் வண்டியைத் தட்டின கை."

குற்றம் உறுதியாயிற்று. தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி தப்பு செய்தால்தான் சிறை. பையை இழுத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள் வெளியே வந்த ரெஃபில்வே. கண் சிவந்திருந்தது.

"இவ்வளவுதான் குடுத்தாங்க" என்றாள் புலெங். "கோர்ட் பேப்பர்ல அவன் பேருக்கு நேரா 'குற்றவாளி'ன்னு போட்டிருக்கு. அவன் வேற எங்க வேலைக்குப் போனாலும் அது கூடவே போகும்."

அதுவரை ரெஃபில்வே சுற்று வழியாக ரயிலில்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் சாயங்காலம் நிலையத்தின் முன்வாசல் வழியாக வந்தாள். முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை. இந்தத் தடவை சிவப்பு. வண்டிகளுக்கு நடுவே அவசரப்படாமல் நடந்தாள். பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒரே ஒரு விசில். அவள் நின்றாள். சத்தம் வந்த பக்கம் திரும்பி, அங்கே நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விசில் அடித்தவன் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தான்.

புலெங் வரிசையின் கடைசியில், கதவில் சாய்ந்து களியைத் தின்றுகொண்டிருந்தாள். ரெஃபில்வே அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆனால் அவள் வண்டிக்கு வரவில்லை. வரிசையில் முதலில் நின்ற வண்டியில், யாரென்றே தெரியாத ஓட்டுநருக்குப் பக்கத்து முன்சீட்டில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"டீப்க்ளூஃப்" என்றாள்.

ஓட்டுநர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.