மொட்டை மாடித் தாய்லாந்து

நடந்தது இதுதான்:

1. சென்ற வாரம், அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக் கவிதாவை ஒரு வருடம் தாய்லாந்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.
2. நான் அங்கே இரண்டு வருடம் இருந்தவள் என்று யாரோ அவளிடம் போட்டுக்கொடுத்தார்கள்.
3. "அக்கா, அங்க பொழைக்கிறதுக்கு டிப்ஸ் எல்லாம் ஒரு மெயில்ல போட்டு விடுங்க" என்றாள்.
4. எக்செல்லைத் திறந்து வரிசை எண், விஷயம், செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று கட்டம் போட்டேன்.
5. முதல் வரியில் 'மீன் சாறு' என்று அடித்தேன். அடித்ததும் திண்டுக்கல் கருவாட்டுக் கடை வாசம் மூக்கில் ஏறியது.
6. மெயில் இன்னும் போகவில்லை.

மீன் சாறு என்பது அங்கே எல்லாச் சமையலிலும் உப்புக்குப் பதிலாக ஊற்றும் சமாச்சாரம். பாட்டிலைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்த தண்ணீர் போல வாசம் வரும். அங்கே வந்து இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு அந்த வாசத்தில் ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கும். எனக்கும் ஊர் ஞாபகம் வந்தது, ஆனால் பசியோடு வந்தது. இப்போது எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது கருவாட்டுக் கடையைத் தாண்டினால் தாய்லாந்து ஞாபகம் வருகிறது. அதுவும் விமானம் ஏறிப் போன தாய்லாந்து இல்லை. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம் இருந்ததே, அந்தத் தாய்லாந்து.

அப்போது நான் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையின் தரச் சோதனைக் கூடத்தில் இருந்தேன். நூலை இழுத்து, எங்கே அறுகிறது என்று குறித்துவைப்பது வேலை. (பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலை என்று அப்பா எல்லாரிடமும் சொல்லுவார். ஏன் என்று இதுவரை விளக்கியதில்லை.) முதலாளிகளுக்குத் தாய்லாந்திலும் ஓர் ஆலை இருந்தது. அங்கே புதிதாக ஒரு சோதனை இயந்திரம் இறங்கியிருந்தது. எங்களுக்கு அரை நாள் பிடிக்கும் வேலையை அது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடும். அதன் படம் போட்ட புத்தகத்தை, மற்ற பெண்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பதுபோல, நான் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருப்பேன். கதாநாயகன் அதுதான்.

அந்த இயந்திரத்துக்கு இங்கிருந்து ஒருவரை அனுப்பப் போகிறோம், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் கேட்டு அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல், இல்லையென்றால் கோயம்புத்தூர் ஆலையிலிருந்து வேறு ஆள் போய்விடுவார் என்றார் மேனேஜர். அன்று மத்தியானம் நான் சோதித்த நூல் எதுவும் அறுந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மா ஆறாம் வகுப்பு டீச்சர். நான் விஷயத்தைச் சொன்னபோது காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்க?"

"தாய்லாந்தும்மா."

"பஸ் ஸ்டாண்டுல ரோட்டக் கடக்க என் முந்தானையப் புடிக்கிறவ நீ."

"அது அஞ்சாப்பு படிக்கிறப்ப."

"போன மாசம்."

உண்மைதான். ஆனால் அன்று மூன்று மினி பஸ் ஒரே நேரத்தில் வந்தன.

அம்மா 'போகாதே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுது, சாப்பிடாமல் படுத்து, முறைப்படி ஏதாவது செய்திருப்பேன். அவள் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "பப்ளிக் எழுதுறதுக்கு முன்னாடி மாடல் எழுதணுமா இல்லையா? எழுது. பாஸானா போ."

டீச்சர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் எதற்கும் மாடல் எக்ஸாம் உண்டு. சர்ச்சில் முதல் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னால் எனக்கு அப்பளத்தைக் கிள்ளிக் கொடுத்து நாக்கை நீட்டப் பழக்கியவள் என் அம்மா.

பரீட்சை இப்படி: மாடியில் சிமெண்டு ஷீட் போட்ட அறை தாய்லாந்து. அதற்கு ஏறும் படி வெளிப்பக்கம், அதனால் வீட்டுக்குள் நுழையாமலே தெருவுக்கு இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை நான் அங்கேதான். நானே பொங்கி, நானே துவைத்து, நானே கிடக்க வேண்டும். வீட்டுக்குள் காலை வைத்தால் ஃபெயில். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் எதிர்ச்சாரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டு நம்பருக்குப் போடலாம். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் அப்பு, விசா எதுவும் எடுக்கணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல சிலபஸ் வேணும். அங்க இருந்துட்டு வந்த ஆளு யாராச்சும் இருக்காங்களா, கேட்டுட்டு வா" என்றாள் அம்மா.

இருந்தார். மெயின்டனன்ஸ் செல்வராஜ் சார், ஒட்டன்சத்திரம் பக்கம். தாய்லாந்து ஆலையில் சில காலம் இருந்துவிட்டு, இளைத்துத் திரும்பியவர். கேன்டீனில் என்னை உட்காரவைத்து, ரகசியம் போலச் சொன்னார்.

"மொதல்ல காலை அடக்கோணுங்க. யாரைப் பாத்தும் நீட்டிப்போடாதீங்க. அவிங்களுக்குக் காலு மட்டம், தலை ஒசத்தி. சின்னக் கொழந்தைன்னாலும் தலையத் தொட்டுப்போடாதீங்க. காசு கீழ உழுந்து உருண்டா, காலால மிதிச்சு நிறுத்திப்போடாதீங்க. அவிங்க ராசா படம் இருக்குதுங்க."

"சரிங்க சார்."

"கோவம் வந்தாச் சிரிச்சுப்போடுங்க. சத்தம் போட்டா அங்க ஒரு காரியமும் ஆகாதுங்க. பாசை தெரியலீன்னா கடைக்காரங்க கால்குலேட்டர்ல வெலையை அடிச்சுக் காட்டுவாங்க. நீங்களும் அடிச்சுக் காட்டுங்க. பாஸ்போர்ட்டை வூட்ல வெச்சுப்போட்டு, ஜெராக்ஸ் ஒண்ணு கையிலயே இருக்கோணும். சோத்தை வலது கைக் கரண்டியில திங்கோணும். முள்கரண்டி தள்ளி உடறதுக்குத்தானுங்க, வாய்க்குள்ள போகக்கூடாது. கொழாய்த் தண்ணியக் குடிச்சுப்போடாதீங்க."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வரும் சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெனமும்ங்க. ராவும் பகலும்."

வீட்டில் வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "கடைசியா ஒண்ணு சொன்னியே, அதத் தவிர மிச்சத்தை நம்புறேன்" என்றாள்.

இப்படியாக நான் தாய்லாந்து போய்ச் சேர்ந்தேன். வெயில் மட்டும் ஒரிஜினல். முதல் நாளே ஜன்னல் வழியாகத் திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிவதை அம்மா கீழிருந்து கண்டுபிடித்துவிட்டாள். "தாய்லாந்துல மலைக்கோட்டை ஏது? சாத்து அதை" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. சாத்தினேன். கேள்வித்தாளில் சந்தேகம் என்றால் மட்டும் கேட்கலாமே, கோயில் மணிச் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சற்று யோசித்து, "அது அங்கயும் இருக்கும்" என்று விட்டுவிட்டாள்.

ரசஞ்சோற்றை முள்கரண்டியால் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? தள்ளலாம். சோறு போகும், ரசம் நின்ற இடத்திலேயே நிற்கும். வெஞ்சனத்துக்கு வைத்த கோவைக்காய் வறுவல் தட்டிலிருந்து தாவிப் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது. என் சாப்பாட்டைப் பார்க்கவே அந்த வீட்டுப் பூனை தினமும் வந்து உட்கார்ந்தது. கோபம் வந்தால் சிரிக்க வேண்டும் என்பதை வேலைக்குப் போகும் மினி பஸ் கண்டக்டரிடம் பழகினேன். மீதிச் சில்லறை தராதவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ் போய்விட்டது.

அப்பாதான் இதில் ரொம்ப இறங்கிவிட்டார். கூட்டுறவு வங்கியில் கிளார்க். கால்குலேட்டர் சொந்தமாக உண்டு. சாயங்காலம் மாடிப் படியின் கடைசிப் படியில் துண்டை விரித்து, எங்கள் வீட்டுத் தக்காளியை எனக்கே விற்றார். தக்காளியைக் காட்டினால் ஒரு விலையை அடித்து நீட்டுவார். நான் குறைத்து அடித்து நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு, முதலில் சொன்னதைவிடக் கூட அடிப்பார். "ப்பா, இது அநியாயம்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. கடைசியில் நான் வாங்காமல் நடந்ததும் பின்னாலிருந்து, "அப்பு, ரெண்டு தக்காளியாச்சும் எடுத்துட்டுப் போ, ரசம் வைக்க வேணாமா?" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "வெளிநாட்டுக்காரவுக தமிழ் பேசக்கூடாது" என்றாள்.

பூத்துக்கு வருகிறேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்பு எண் ஓடும் மீட்டர், கூண்டுக்குள் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன மல்லிகை சென்ட் வாசம். நடத்தியவர் சகாயம் அக்கா. தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவருக்குக் கண்ணாடி வழியாகவே தெரியும்.

நான் நம்பர் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டி, இங்கிருந்து பாத்தா ஒங்கம்மா கொண்டை தெரியுது. போயிக் கதவத் தட்டு."

"நான் தாய்லாந்துல இருக்கேன்க்கா."

"அது சரி."

மணி அடித்ததும் அம்மா எடுத்து, வெளிநாட்டுக்குக் கத்துவது போலவே கத்தினாள். "ஹலோ! சாப்ட்டியா!" அந்தக் குரல் எனக்குக் கம்பி வழியாக ஒரு தடவை, தெருவைத் தாண்டி ஒரு தடவை கேட்டது. கம்பிதான் ஜெயித்தது. பேசி முடித்துச் சில்லறையை எடுக்கும்போது ஒரு காசு தவறி உருண்டது. மிதிக்கக் கூடாதே என்று குனிந்துகொண்டே துரத்தினேன். அது சாக்கடையில் போய் விழுந்தது. அன்று முதல் அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "என்னடி தாய்லாந்து, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றுதான்.

சனிக்கிழமைவரை நான் பாஸ்தான். சனிக்கிழமை காலையில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நாளில் எங்கள் ஊரில் முனிசிபல் தண்ணீர் வாரம் தாண்டி வரும், சில சமயம் ரெண்டு வாரமும் தாண்டும். வரும் நாளில் கல்யாணமே இருந்தாலும் தாலி கட்டிவிட்டு ஓடிவர வேண்டும். வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயை இறக்கியிருப்போம். எங்கள் வீட்டில் பங்கு பிரிந்தே இருந்தது: அம்மா பள்ளத்தில் உட்கார்ந்து குடத்தை நிரப்புவாள், நான் தூக்கிப் போவேன், அப்பா டிரம்மிலும் தொட்டியிலும் ஊற்றுவார். நான் ஒரே பிள்ளை. வேறு கை கிடையாது.

"தண்ணி வந்துருச்சேய்!" என்று தெருமுனையிலிருந்து குரல் கேட்டதும் என் கால் தானாகப் படிக்குப் போய்விட்டது. அப்புறம்தான் எந்த ஊரில் இருக்கிறேன் என்ற ஞாபகம் வந்து நின்றேன். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே அம்மா நிரப்பிவைத்த குடங்கள் வரிசையாக நின்றன. அப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு சேர்ந்தன. அம்மா ஒரு தடவை மேலே பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பரீட்சை போச்சு. போகாவிட்டால் தண்ணீர் போச்சு.

நான் வெளிப்படி வழியாக இறங்கினேன். பள்ளத்தைத் தாண்டி, அம்மாவைப் பார்க்காத மாதிரி நடந்து, தெருவைக் கடந்து, பூத்துக்குள் நுழைந்து வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்கவும் செய்தது. "ஃபோன் அடிக்குது" என்றார் அப்பா.

"தண்ணிய விட்டுட்டு எப்படிப் போறது?"

"தாய்லாந்தா இருக்கும். போய் எடு."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஹலோ." இந்த முறை கத்தவில்லை.

"ம்மா, நான்தான். அங்க தண்ணி வந்துருச்சாம்ல?"

"வந்துருச்சு."

"அப்பாவால அம்புட்டையும் தனியாத் தூக்க முடியுமா?"

மீட்டர் ஓடியது.

"ஒரு கை கொறையுதுதான்" என்றாள்.

"நான் வேணா வாரேம்மா. செத்த நேரந்தான..."

"வராத."

"ம்மா..."

"வராதங்கறேன்ல. அங்க போயிட்டு, தண்ணி வர்றப்பல்லாம் ஓடியாருவியா? ஃபோன வையி. கொடம் ரொம்பி வழியுது."

வைத்துவிட்டாள். வெளியே வந்து, காலியாகக் கிடந்த பெரிய குடங்களைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். உள்ளே போய், அடுப்படியில் சும்மா கிடந்த சின்னக் குடங்களை எடுத்துவந்தாள். அப்பா கையில் ஒன்று, அவள் இடுப்பில் ஒன்று. இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே போனார்கள், வந்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்லும் சகாயம் அக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாக, "ஒங்கம்மா ஒன்னைய அனுப்பிட்டாடி" என்றார். குழாய் நின்றபோது டிரம் பாதிதான் நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசல்ட். அறுபத்தெட்டு மார்க்.

"எதுலம்மா கொறச்ச?"

"முள்கரண்டில."

திங்கட்கிழமை மேனேஜரிடம் சரி என்றேன்.

அங்கே போய் இறங்கிய முதல் காலை, குளியலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பீறிட்டு வந்தது. அடுத்தது நான் யோசித்துச் செய்ததில்லை. வாளி, அரிசிப் பானை, டம்ளர், கழுவித் துடைத்த குப்பைக்கூடை, சாமான் கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றிலும் பிடித்து வரிசையாக வைத்தேன். சாவி கொடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்து ஒரு கணம் நின்றார். சிரித்தார். வேகமாகப் போய்விட்டார். இந்தப் பெண்ணுக்கு ஆலையிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது, தண்ணீர் நிற்கப் போகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். மத்தியானத்துக்குள் அந்த மாடியில் எல்லா வீட்டிலும் வாளி நிறைந்திருந்தது. முன்கூட்டியே எச்சரித்ததற்காக அன்று அங்கே எனக்கு ரொம்ப நன்றி கிடைத்தது. நான் ஏன் பிடித்துவைத்தேன் என்று சொல்ல எனக்குப் பாஷை தெரியவில்லை, சிரித்துவைத்தேன்.

அந்தத் தாய்லாந்து ஆலையைப் பிறகு விற்றுவிட்டார்கள். என் கதாநாயகனைவிட வேகமான இயந்திரம் வந்துவிட்டதாகக் கேள்வி. மாடி அறையின் ஷீட் ஒரு ஐப்பசிக் காற்றில் பறந்தது, திரும்பப் போடவில்லை. சகாயம் அக்கா மகள் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார். பூத் இருந்த இடத்தில் செல்ஃபோன் ரீசார்ஜ் கடை. வீட்டு லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அம்மாவிடம் இப்போது செல் இருக்கிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தும் அந்தக் குரலை இப்போது யாரிடமும் கேட்பதில்லை.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், அம்மா அடுத்த வருடம் ஆவாள். எங்கள் தெருவில் தண்ணீர் இன்னமும் வாரம் தாண்டித்தான் வருகிறது. இரண்டு பேருமாகச் சின்னக் குடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.