அம்மாவின் பார்டருக்கு ஒரு மெமரி போர்டு

பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கு மெமரி போர்டு வடிவமைக்கிறேன் என்று சொன்னால் திருத்தணியில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. டிவியோடு இணைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை நைனா வாங்கியபோது நான் கைக்குழந்தை. அம்மையார்குப்பத்து நெசவு வீட்டுப் பெண்ணான அம்மா, அதில் புள்ளி புள்ளியாக ஒரு சேலை பார்டர் வரைந்திருந்தாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பாட்டுக் கேசட்டில்தான் படத்தைச் சேமிக்கும்; அதுவும் அப்படி ஒரு கேசட்டில் இருக்கிறது. அம்மா இல்லை. நைனாவுக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, டாக்டர் கைவிரித்துவிட்டார். முழுக்கப் போவதற்குள் அந்த பார்டரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

கம்ப்யூட்டர் ஓடியது. அதன் பின்னால் செருகும் மெமரி பெட்டிதான் எரிந்துபோயிருந்தது. அது இல்லாமல் அவ்வளவு பெரிய படம் உள்ளே ஏறாது. எங்கும் கிடைக்காததால் அதற்கான போர்டை நானே வடிவமைத்தேன். முதல் போர்டில், கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருந்த மெமரியும் புதியதும் ஒரே முகவரிக்குப் பதில் சொல்லின, ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் கூப்பிட்டதுபோல. டிவியில் வெறும் குப்பை. கேசட்டையாவது முதலில் சோதிக்கலாம் என்றால் நைனா மசியவில்லை.

"மிஷின் ரெடியாவட்டும். கண்ட பிளேயர்ல போட்டு சிக்கிக்கினா, யார்டா மறுபடி வரைஞ்சி குடுப்பா?"

நியாயம்தான். எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த போர்டு வேலை செய்தது. எழுதியதையெல்லாம் பிசகாமல் திருப்பிக் கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நைனா பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்துவந்தார்.

பிரித்தேன். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பார், தெரியும். கேசட்டுக்கும் வைத்திருக்கிறார். வருஷாவருஷம் குழைத்துப் பூசிய சந்தனமும் குங்குமமும் துளை வழியே உள்ளே இறங்கி, நாடா முழுக்க ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றினேன். படம் பதிந்த பூச்சும் சேர்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நைனா நாற்காலியை டிவிக்கு வெகு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துச்சாடா?"

"இல்ல நைனா."

"கேசட்டு எதுனா ஆயிப்போச்சா?"

நீ கும்பிட்டதுதான் அதைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வேன்?

"கேசட்டு நல்லாத்தான் கீது. போர்டுதான் சரியில்ல. வேற பண்றேன்."

"ஆங், பண்ணு. கண்ணு தெரியசொல்லவே, முழுக்கப் போறதுக்குள்ள பண்ணிடு."

அன்றிலிருந்து, ஒரு குறையும் இல்லாத போர்டை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறேன்.