ஒற்றை விரலுக்கு ஒரு பூனை

பூன் லேயில் குடியிருக்கும் யும்னாவுக்கு தஞ்சோங் பகாரில் வேலை. இணையதளங்களில் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்தே முப்பதைத் தாண்டியவளுக்கு, தானும் ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. ரயிலில் போகையிலும் வருகையிலும் காணொளி பார்த்தே கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுக்கொண்டு, ஒரு ‘கேம் ஜாம்’ போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். வெள்ளி மாலை தலைப்புத் தருவார்கள். ஞாயிறு மாலைக்குள் விளையாட்டை முடித்து இணையத்தில் போட்டுவிட வேண்டும்.

தலைப்பு ‘மழை’ என்று வந்தது. லிட்டில் இந்தியாவில் மழையில் மாட்டிக்கொண்ட பூனை நனையாமல் வீடு சேர வேண்டும் என்று யும்னா முடிவு செய்தாள். வழியில் பூக்கடை, நகைக்கடை, தேக்கா சந்தை, கடைக்காரர்களோடு பேச்சு என்று ஆசை சிராங்கூன் சாலை முழுக்க நீண்டது. சனிக்கிழமை காலையில் பார்த்தால் பூக்கடை ஒன்றுதான் எழும்பியிருந்தது. பூனையோ கால் வைத்ததும் தரைக்குள் விழுந்து காணாமல் போனது.

சனிக்கிழமை என்றால் தெம்பனிஸில் இருக்கும், லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காள் அஃப்ரீனைப் பார்க்கப் போகும் நாள். பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய வலது கை மடியிலேயே கிடந்தது, பேச்சும் குறைந்துபோனது. யும்னா மடிக்கணினியோடு ரயில் ஏறினாள். இறங்குவதற்குள் பூனையைத் தரையில் நிற்க வைத்துவிட்டாள்.

“குடு, நான் வெளையாடிப் பாக்குறேன்” என்றாள் அஃப்ரீன்.

அப்போதுதான் யும்னாவுக்கு உறைத்தது. பூனை நடக்க இடது கை, தாவ வலது கை. அப்படித்தான் அமைத்திருந்தாள். அஃப்ரீன் இடது கையையே அங்குமிங்கும் நீட்டிப் பார்த்தாள். பூனை நனைந்தது. மறுபடியும் நனைந்தது. அவள் மடிக்கணினியை மெல்லத் தள்ளி வைத்தாள்.

“பூனை அழகா இருக்குடி.”

வரைந்து சரியாக வராத படத்தைக் காட்டும் மாணவர்களிடம் அவள் முன்பு பேசிய குரல் அது. யும்னா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திட்டத்தில் இருந்ததை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். பேச்சு போனது. நகைக்கடை போனது. தாவலும் போனது.

“என்னடி பண்றே? பாவம் பாத்தெல்லாம் மாத்த வேணாம் லா.”

“உங்களுக்காகன்னு யார் சொன்னா லாத்தா? ரெண்டு கைக்கும் வேலை வைக்க எனக்கு டைம் இல்ல. நாளைக்கு சப்மிட் பண்ணணும்.”

அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போது பூனை தானாகவே நடந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் நிற்கும், விட்டால் நடக்கும். கடை வாசலில் ஒதுங்கி, மழை குறையும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் அஃப்ரீனே முதலில் விளையாடிப் பார்த்தாள்.

“பூக்கடைக் குடைக்குக் கீழ பூனை நிக்கவே மாட்டேங்குது பாரு. மழை விடுறதும் தெரியல. ஒரு சத்தம் வையேன்.”

மறுநாளும் அங்கேதான் வேலை. அஃப்ரீன் இடது கையால் அரிசியை அள்ளித் தட்டில் கொட்ட, யும்னா அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். மழை கிடைத்துவிட்டது. மாலையில் விளையாட்டு இணையத்துக்குப் போனது.

முடிவு வந்தபோது பட்டியலின் நடுவில் எங்கோ கிடந்தது அவள் பெயர். விளையாட்டுக்கு அடியில் முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘கைக்குழந்தை என் மேல் தூங்குகிறது. ஒரு கைதான் சும்மா இருந்தது. கடைசிவரை விளையாடினேன்.’

யும்னா படித்துக் காட்டினாள். அஃப்ரீன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

“பதில் எழுதினியா?”

“இன்னும் இல்ல லாத்தா.”

“இங்க குடு. நான் எழுதுறேன்.”

இடது கையின் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள். தப்பாக விழுந்ததை அழித்தாள், திரும்பத் தட்டினாள். உதவப் போன தன் கையை யும்னா இழுத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.